மாறுவேடப் போட்டிக்கு வீட்டிலேயே கிரீடம், வாள், மீசை, நகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் 15, கிருஷ்ண ஜெயந்தி, நவம்பர் 14 குழந்தைகள் தினம், டிசம்பர் 11 பாரதியார் பிறந்தநாள், அப்புறம் ஆண்டு விழா. பள்ளிக்கூடத்தில் பிள்ளை படிக்கும் வீட்டில் வருடத்துக்கு இரண்டு முறையாவது வேடம் போட வேண்டிய வேலை வந்துவிடும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெருவில் உள்ள பிள்ளைகளுக்கும் செய்து கொடுத்துப் பழகியதால் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை இங்கே சேர்த்து எழுதுகிறேன். எல்லாமே கத்தரிக்கோல், பேப்பர் கட்டர், பசை அளவில் முடிகிற வேலைகள்தான். தையல் மெஷின் தேவையில்லை, ஊசி நூல் போதும்.

கடையில் வாடகைக்கு மொத்தமாகக் கிடைக்கிறதே, எதற்கு மெனக்கெட வேண்டும்?

உடையை வாடகைக்கு எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தலையில் வைப்பது, முகத்தில் ஒட்டுவது, கையில் பிடிப்பது, இந்த மூன்றையும் வீட்டில் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். வாடகைக் கிரீடம் எந்தத் தலைக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே அளவில் இருக்கும், அதாவது எந்தத் தலைக்கும் சரியாகப் பொருந்தாது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது கண்ணை மறைத்துக்கொண்டு மூக்கு வரை இறங்கும், ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்தபடியே வசனத்தைச் சொல்லி முடிக்கும். வாடகை மீசையோ பல முகங்களில் ஒட்டி எடுத்தது, முந்தைய பிள்ளையின் வியர்வை வாடை அதிலேயே இருக்கும்.

ஒரு வேடத்துக்கு எத்தனை பொருள் செய்ய வேண்டும்?

ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. இதில்தான் பெரும்பாலான அம்மா அப்பாக்கள் தடுமாறுகிறார்கள். கிரீடம், தோள்வளை, ஒட்டியாணம், பதக்கம், கேடயம், வாள் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எதையும் ஒழுங்காக முடிக்காமல் விடுவதைவிட, அந்த ஆளை யார் என்று காட்டும் ஒரே ஒரு பொருளை நன்றாகச் செய்தால் போதும். பாரதி என்றால் முண்டாசும் மீசையும். கட்டபொம்மன் என்றால் முறுக்கு மீசை, வாள். காந்தி என்றால் வட்டக் கண்ணாடி, தடி. வள்ளுவரை நாம் மனதில் வைத்திருப்பது கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த படத்தில் உள்ளபடிதான், ஆகவே தாடி, எழுத்தாணி, ஓலைச்சுவடி மூன்றும் இருந்தால் குழந்தை வாயைத் திறப்பதற்கு முன்பே கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி சொல்லிவிடுவார். ஆண்டாளுக்குச் சாய்ந்த கொண்டை, இடது கையில் கிளி.

நடுவர் உட்கார்ந்திருப்பது இருபது முப்பது அடி தள்ளி. அங்கிருந்து பார்த்தால் தெரிகிற விஷயத்துக்கு மட்டும் நேரத்தைச் செலவழியுங்கள். நீங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒட்டிய பொடிச் சமிக்கி அவர் கண்ணுக்குப் படவே படாது, அகலமான ஒரு சிவப்புக் கல் படும்.

என்னென்ன கருவி வேண்டும்?

நல்ல கத்தரிக்கோல், பிளேடு ஒடித்து ஒடித்து மாற்றுகிற பேப்பர் கட்டர், இரும்பு ஸ்கேல் (பிளாஸ்டிக் ஸ்கேலின் ஓரத்தைக் கட்டர் சீவிவிடும்), ஸ்டேப்ளர், ஒற்றை ஓட்டைப் பஞ்ச், தையல் நாடா, துணி கிளிப். குளூ கன் ஒன்று வாங்கிக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும், சின்னது போதும். இல்லாவிட்டாலும் செய்யலாம், காய்வதற்குக் கூடுதலாக ஒரு நாள் விட வேண்டும், அவ்வளவுதான்.

எந்த அட்டை நல்லது?

காசு கொடுத்து அட்டை வாங்காதீர்கள். ஆன்லைனில் பொருள் வருகிற பெட்டி, மளிகைக் கடைப் பெட்டி, புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டை, பழைய கல்யாணப் பத்திரிகை, இவை எல்லாம் போதும். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெட்டி அட்டையின் ஓரத்தைப் பாருங்கள், இரண்டு தாளுக்கு நடுவில் நெளிநெளியாக ஒரு தாள் இருக்கும். அந்த நெளிகளின் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தக் கோட்டில்தான் அட்டை அழகாக மடங்கும், குறுக்கே வளைத்தால் அங்கங்கே முறிந்து கோணல் மாணலாக நிற்கும். ஆகவே தலையைச் சுற்றி வளைய வேண்டிய கிரீடப் பட்டைக்கு நெளிக்கோடு மேலிருந்து கீழாக இருக்கும்படி வெட்ட வேண்டும். வாளுக்கோ கோடு நீளவாக்கில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் தொங்கிவிடும். வளைக்கும் முன் அட்டையை மேசை விளிம்பில் வைத்து இரண்டு மூன்று தடவை இழுத்து எடுத்தால் அது தானாகவே சுருண்டு வரும்.

தோள்வளை, ஒட்டியாணம், வங்கி (மேல்கையில் அணியும் நகை) போல உடம்போடு வளைய வேண்டியவற்றுக்கு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஃபோம் ஷீட் நல்லது. உரசாது, குத்தாது, வியர்வை பட்டால் ஊறாது.

கிரீடம் செய்வதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

முதலில் தலையை அளக்க வேண்டும். நெற்றிக்கு நடுவில் நாடாவை வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டு போய்ப் பின்மண்டையின் புடைத்த இடத்தைச் சுற்றி அளங்கள். ஐந்தாறு வயதில் பொதுவாக 50 முதல் 52 செ.மீ. வரும், ஆனாலும் உங்கள் பிள்ளையை அளந்தே வெட்டுங்கள். அந்த அளவோடு 4 செ.மீ. சேர்த்து நீளம், 5 செ.மீ. உயரம், இப்படி ஒரு பட்டை. அதன் முன்பக்கம் நிற்கும் பலகைக்குச் சார்ட் பேப்பரை இரண்டாக மடித்துப் பாதி உருவம் வரைந்து வெட்டிப் பிரித்தால் இரு பக்கமும் ஒன்றுபோல வரும். அதை அட்டையில் வைத்து வரைந்து வெட்டுங்கள். சின்னப் பிள்ளைக்கு நடு உயரம் 18, 20 செ.மீ. தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் குனிந்து வணக்கம் சொல்லும்போது கிரீடம் முன்னால் சாயும்.

அடுத்து நெளிவேலை. கடையில் விற்கும் கிரீடத்தில் உள்ள மாதிரி மேடு பள்ளமாக வர வேண்டுமானால் சணல் நூலைத் தண்ணீர் கலக்காத ஃபெவிகாலில் முக்கி, பென்சிலில் வரைந்த கோடுகளின் மேல் வைத்துக்கொண்டே போங்கள். ஓரத்துக்கு இரட்டை நூல், உள்ளே கொடி, மாங்காய், பூ. நடுவில் பெரிய கல் வைக்கும் இடத்தைச் சுற்றி மூன்று சுற்று. அது காய்ந்ததும், ஃபெவிகாலில் அதே அளவு தண்ணீர் கலந்து, பலகை முழுவதும் தடவி, அதன் மேல் ஒற்றை அடுக்கு டிஷ்யூ பேப்பரைப் பரப்பி, மேலேயும் அதே கரைசலைப் பிரஷ்ஷால் ஒற்றி எடுங்கள். இழுத்தால் கிழியும், ஒற்றத்தான் வேண்டும். பிரஷ்ஷின் பின்முனையால் நூலின் இரு பக்கமும் அழுத்திவிட்டால் நூல் புடைத்துக்கொண்டு நிற்கும், நடு இடங்கள் பள்ளமாகும். சுருக்கம் விழுந்தால் கவலைப்படாதீர்கள், தங்க நிறம் ஏறியதும் அந்தச் சுருக்கமே அடித்துச் செய்த தகடு போலத் தெரியும். ஒரு நாள் நன்றாகக் காய விடுங்கள்.

கல்லுக்கு நான் எடுத்துக்கொள்வது மாத்திரை அட்டை. மாத்திரை தீர்ந்துபோன அட்டையின் குமிழ்களைத் தனித்தனியாக வெட்டி, உள்ளே ஒட்டிய மாத்திரைத் தூளைக் கழுவித் துடைத்து, குமிழின் உட்பக்கம் சிவப்பு நெயில் பாலிஷ் மெல்லிசாக ஒரு கோட் கொடுங்கள். காய்ந்ததும் பின்னால் வெள்ளித்தாள் ஒட்டினால் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வரும், கெம்புக் கல் தோற்றம் கிடைக்கும். பச்சை பாலிஷ் அடித்தால் மரகதம். நீள மாத்திரைக்கு நீளக் கல், வட்டத்துக்கு வட்டம். கிரீடத்துக்கு நடுவில் ஒன்று பெரிதாக வேண்டுமென்றால் தண்ணீர் பாட்டில் மூடியின் மேல் பளபளப்பான சாக்லேட் தாளைச் சுற்றி வையுங்கள்.

திருவண்ணாமலை மாவட்டம் புரிசைப் பக்கம் தெருக்கூத்து பார்த்திருந்தால் தெரியும், ராஜ வேடக்காரர்கள் அணியும் கிரீடமும் தோள் அணிகளும் பார்ப்பதற்குப் பிரம்மாண்டமாக இருக்கும். விடிய விடிய ஆட வேண்டுமே, அதற்காக அவற்றைக் கல்யாண முருங்கை மாதிரி எடை குறைந்த மரத்தில் செதுக்கி, மேலே கண்ணாடிச் சில்லுகளையும் வண்ணத்தாளையும் பதிப்பார்கள். எடையும் இல்லை, எட்ட இருந்து பார்த்தால் பளிச்சென்றும் இருக்கும். நமக்கும் இலக்கு அதுதான்.

கிரீடம் தலையில் நிற்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பட்டையின் பின்பக்கத்தை மூடி ஒட்டாதீர்கள். இரண்டு முனைக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி விட்டு அகல எலாஸ்டிக்கை வைத்து ஸ்டேப்ளர் அடியுங்கள். பின்னின் வளைந்த முனைகள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்ளே இருந்தால் முடியைப் பிடித்து இழுக்கும், தோலைக் கீறும். வெளியே தெரிகிற பின்னை ஜரிகை லேஸ் வைத்து மறைத்துவிடலாம். பட்டையின் உள்பக்கம் நெற்றி படும் இடத்தில் பழைய பனியன் துணியை மடித்து ஒட்டுங்கள், வியர்வையை உறிஞ்சும், வழுக்காது. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் சின்ன நூல் வளையம் வைத்துவிட்டால் ஹேர்பின்னை அதற்குள் விட்டு முடியோடு குத்தலாம். தாடைக்குக் கீழே கட்டுகிற கயிறு எனக்குப் பிடிக்காது, பேசும்போது இழுக்கும்.

போட்டு முடித்ததும் குழந்தையை ஒரு தடவை குதிக்கச் சொல்லுங்கள், குனியச் சொல்லுங்கள், தலையைப் பலமாக ஆட்டச் சொல்லுங்கள். விழாவிட்டால் மேடைக்குத் தயார்.

எதற்கு எந்தப் பசை?

காகிதம், அட்டை, துணி, தெர்மாகோல் எல்லாவற்றுக்கும் வெள்ளை ஃபெவிகால். அட்டைமேல் அட்டை ஒட்டும்போது மெல்லிசாகத் தடவி மேலே புத்தகங்களை அடுக்கி ராத்திரி முழுக்க விட வேண்டும், நிறையத் தடவினால் அட்டை ஊறி வளைந்துகொள்ளும். ஃபோம் ஷீட்டில் ஃபெவிகால் அவ்வளவாகப் பிடிக்காது, அதற்குக் குளூ கன், அல்லது செருப்புக்கு ஒட்டும் மஞ்சள் ரப்பர் பசை. ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே அவசரப்பட்டுச் சேர்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று பலர் சொல்வார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பெரியவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும், வாடை அதிகம்.

தெர்மாகோலில் ரப்பர் பசையோ, சொட்டுப் போட்டதும் பிடித்துக்கொள்ளும் உடனடிப் பசையோ, ஸ்பிரே பெயிண்டோ படவே கூடாது. கரைந்து குழி விழும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த உடனடிப் பசை பஞ்சிலோ பருத்தித் துணியிலோ நிறையக் கொட்டினால் சட்டென்று சூடேறும், கையைச் சுடுகிற அளவுக்குச் சூடாகும். பஞ்சுத் தாடி செய்கிறவர்கள் அவசரத்துக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம். தோலில் நேரடியாக ஒட்ட வீட்டில் இருக்கும் எந்தப் பசையும் ஆகாது, ஃபெவிகாலும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பழைய முறையில் மைதாப் பசை காய்ச்சலாம், செலவே இல்லை. பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் போடும் வழக்கம் உண்டு, அது விஷம், பிள்ளைகள் கைபடும் பொருளுக்கு வேண்டாம். துத்தம் போடாத மைதாப் பசை ஒரு தடவை போட்டுவிட்டுத் தூக்கிப் போடும் பொருளுக்குச் சரி, எடுத்து வைத்தால் கரப்பான் தேடி வரும்.

கோல்டு பெயிண்ட் அடித்தால் மஞ்சளாக, சப்பென்று இருக்கிறதே?

நேராக வெள்ளை அட்டையில் அடித்தால் அப்படித்தான். முதலில் அடர்ந்த பிரவுன் நிறம் முழுக்க அடித்துக் காய விடுங்கள். அப்புறம் பிரஷ்ஷில் தங்க நிறத்தை எடுத்து, பழைய துணியில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, மீதியை மேட்டுப் பகுதிகளில் மட்டும் லேசாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். நூல் வேலை எல்லாம் தங்கமாகும், பள்ளங்கள் பிரவுனாகவே நின்று நிழல் காட்டும். கோயில் நகைக்கு உள்ள அந்தப் பழம் நிறம் வரும். ஃபோம் ஷீட்டுக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல், பெயிண்ட் அடிக்கும் முன் ஃபெவிகால் கரைசலை இரண்டு மூன்று கோட் கொடுத்துக் காய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயிண்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வளைக்கும்போது வெடிப்பும் விடும். நேரமில்லையா, ஜிகினாத்தாள் ஒட்டிவிடுங்கள், மேடை வெளிச்சத்தில் அதுவும் நன்றாகவே இருக்கும்.

நகைகள்?

ஃபோம் ஷீட்டில் வடிவம் வெட்டி, ஓரத்தில் தங்க லேஸ், நடுவில் மேலே சொன்ன மாத்திரைக் கல், பின்னால் வெல்க்ரோ. ஒட்டியாணம், வங்கி, தோள்வளை எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஜவ்வரிசியை ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் முத்து வரிசை மாதிரி இருக்கும், ஆனால் வாயில் போட்டுக்கொள்கிற வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் வேண்டாம், எறும்பும் வரும். காதுக்கு எடை கொடுக்காதீர்கள். பெரிய குண்டலம் வேண்டுமானால் கிரீடப் பட்டையிலிருந்தே காதுக்கு முன்னால் தொங்கவிடுங்கள், பார்ப்பவருக்குக் காதில் போட்ட மாதிரிதான் இருக்கும். பளபளப்புக்காக பட்டன் பேட்டரி வைத்த விளக்குகளைச் சிலர் பொருத்துகிறார்கள். அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உள்ளே தொண்டைக்குழாயை அரித்துவிடும், உயிருக்கே ஆபத்து. அலங்காரத்துக்காக அது தேவையே இல்லை.

வாள் மடங்காமல் நிற்க வேண்டும், யாரையும் குத்தவும் கூடாது. எப்படி?

ஒரே வடிவத்தில் இரண்டு அட்டை. ஒன்றில் நெளிக்கோடு நீளவாக்கில், மற்றதில் குறுக்காக. நடுவில் தென்னந்துடைப்பக் குச்சிகள் நாலைந்தை நூலால் கட்டி, பிடியிலிருந்து நுனிக்கு நாலு விரல் முன்பு வரை வைத்து ஒட்டுங்கள். நுனியில் குச்சி வரக் கூடாது, நுனியையும் கூர்மையாக வெட்டாமல் வட்டமாக வெட்டுங்கள், எட்ட இருந்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஓரத்தில் அட்டையின் நெளி தெரியாமல் இருக்க நியூஸ்பேப்பர் துண்டுகளை ஃபெவிகால் கரைசலில் நனைத்துச் சுற்றி ஒட்ட வேண்டும். காய்ந்ததும் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி, ஸ்பூனின் பின்பக்கத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி நீவினால் சுருக்கம் போய்ப் பளபளக்கும். பிடிக்கு நூல் சுற்றுங்கள், கை வியர்த்தாலும் நழுவாது. ஆறு வயதுக்கு மொத்த நீளம் 55 செ.மீ. போதும்.

இடுப்பில் உறை ஒன்று செய்து கொடுத்துவிடுங்கள். வாளைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் அரை மணி நேரம் நிற்கும் பிள்ளைகள் மேடைக்குப் போவதற்கு முன்பே சண்டை போட்டு உடைத்துவிடுவார்கள்.

வில், வேல், கதாயுதம்?

வில்லுக்கு எலக்ட்ரிக்கல் கடையில் விற்கும் அரை இஞ்ச் பிவிசி குழாய் ஒரு மீட்டர். இரு முனையிலும் ஓட்டை போட்டு நைலான் கயிறை இழுத்துக் கட்டினால் அதுவே வளைந்து நிற்கும், மேலே ஜரிகை நாடா சுற்றுங்கள். அம்பை வில்லோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும், எய்யும்படி விடக் கூடாது. வேலின் கம்பு குழந்தையின் தோள் உயரத்துக்கு மேல் போக வேண்டாம், மேலே இலை வடிவம் இரட்டை அட்டை.

கதாயுதத்துக்கு பலூனை ஊதி நியூஸ்பேப்பர் துண்டுகளை நாலைந்து அடுக்கு ஒட்டுவார்கள். ஒட்டியதை வெயிலில் வைக்காமல் நிழலில், ஃபேனுக்குக் கீழே காய வையுங்கள். வெயிலில் உள்ளே இருக்கும் காற்று சூடாகிப் பலூன் பெருக்கும், மேலே பாதி காய்ந்த காகிதம் பிளந்துவிடும், சில சமயம் பலூனே வெடித்துவிடும். பலூன் வேலைக்குப் பொறுமை இல்லாதவர்கள் லேசான பிளாஸ்டிக் பந்தில் ஓட்டை போட்டு அதே பிவிசி குழாயைச் செருகி, மேலே காகிதம் ஒட்டிப் பெயிண்ட் அடிக்கலாம்.

பாரதி முண்டாசு பள்ளிக்கூடம் போவதற்குள் அவிழ்ந்துவிடுகிறது.

தலையில் கட்டாதீர்கள், தொப்பியில் கட்டுங்கள். முன்மறைப்பு இல்லாத துணித்தொப்பி ஒன்று போதும். பழைய நாலு முழ வேட்டியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து முனையோடு முனை தைத்தால் மூன்றரை மீட்டர் வரும். நன்றாகத் துவைத்துக் கஞ்சி போன வேட்டியாக இருக்கட்டும், புதுசு விறைப்பாக நிற்கும். அதைக் கையளவு அகலத்துக்குத் தளர்வாக மடித்து, குழந்தையின் தலையில் தொப்பியை வைத்து அதன் மேல் ஒரு சுற்று வலமாக ஏற்றி, அடுத்த சுற்று இடமாக ஏற்றி, நெற்றியில் இரண்டும் குறுக்கே வரும்படிக் கொண்டுவாருங்கள். சரியாக வந்ததும் மெதுவாகத் தொப்பியோடு கழற்றி, வெள்ளை நூலால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் உள்பக்கமாகத் தையல் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு அது ஒரு தொப்பி மாதிரிதான், பிள்ளையே எடுத்து மாட்டிக்கொள்ளும், டீச்சரிடம் போய்க் கட்டிவிடச் சொல்ல வேண்டியதில்லை. இழுத்து இறுக்கிக் கட்டினால் சப்பையாகப் போய்விடும், துணியைக் கொஞ்சம் உப்பலாகவே விடுங்கள்.

மீசை, தாடி?

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கண்மை, வேறெதுவும் வேண்டாம். ஒட்டு மீசையைச் சின்னப் பிள்ளைகள் இரண்டே நிமிடத்தில் பிய்த்துவிடும்.

பெரிய பிள்ளைகளுக்குக் கறுப்பு உல்லன் நூல். கறுப்பு ஃபெல்ட் துணியில் மீசை வடிவம் வெட்டி, நூல் துண்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமும் போகும்படி வரிசையாக ஒட்டி, காய்ந்ததும் பேன் சீப்பால் வாருங்கள். நூலின் முறுக்குப் பிரிந்து முடி மாதிரி ஆகிவிடும். கட்டபொம்மனுக்கு முனையில் ஃபெவிகால் கரைசலைத் தொட்டு விரலால் முறுக்கி மேல்நோக்கி வளைத்து, கிளிப் போட்டுக் காய வைத்தால் விறைப்பாக நிற்கும். ஒட்டுவதற்கு விக் வைப்பவர்கள் பயன்படுத்தும் இரட்டைப் பக்க டேப் அழகுப் பொருள் கடையில் கிடைக்கும். முதல் நாளே முன்கையின் உட்பக்கம் ஒரு துண்டு ஒட்டிப் பார்த்து, சிவந்தால் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவி ஊற விட்டால் வலிக்காது.

வள்ளுவர் தாடிக்குக் கொசுவலைத் துணியில் தாடி வடிவம் வெட்டி, மேல் ஓரம் முழுக்க மெல்லிய எலாஸ்டிக் தைத்து, இரு முனையிலும் காதில் மாட்டும் வளையம் வைக்கலாம். பஞ்சை அப்படியே உருண்டையாக ஒட்டினால் கிறிஸ்துமஸ் தாத்தா ஆகிவிடுவார். பஞ்சை நீளமாக இழுத்து, கீழிருந்து மேலாக, ஒன்றின் மேல் ஒன்று படும்படி அடுக்கடுக்காக ஒட்டுங்கள். உதட்டுக்குக் கீழே நன்றாக இடம் விடுங்கள், வசனம் பேசும்போது பஞ்சு வாய்க்குள் போகக் கூடாது.

ஓலைச்சுவடிக்குச் சார்ட் பேப்பரை நீளத் துண்டுகளாக வெட்டி, ஆறிய டீ டிகாக்‌ஷனில் தோய்த்துக் காய வைத்து, இரண்டு ஓட்டை போட்டு நூல் கோத்தால் முடிந்தது.

மயிலிறகு வைக்கலாமா? சட்டப்படி தவறு என்கிறார்களே?

தானாக உதிர்ந்த இறகை வைத்துக்கொள்வதும் நாட்டுக்குள் விற்பதும் வாங்குவதும் தவறில்லை. மயிலைப் பிடிப்பதும் கொல்வதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெரிய குற்றம். இறகை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருக்கிறது, ஆகவே சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்குக் கிருஷ்ணர் கிரீடம் அனுப்புகிறவர்கள் காகித இறகாகச் செய்து அனுப்புங்கள். பச்சை கிரேப் தாளை இலை வடிவில் வெட்டி ஓரத்தைப் பொடிப்பொடியாகக் கத்தரித்து, நடுவில் செம்பு நிறம், அதற்குள் மயில்நீலம், அதற்குள் இதய வடிவில் கருநீலம் ஒட்டுங்கள்.

ஆண்டாள் கிளிக்கு ஏதாவது வழி?

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் ஆண்டாளின் கையில் உள்ள கிளியைத் தினமும் பச்சை இலைகளால் புதிதாகச் செய்கிறார்கள், மூக்குக்கு மாதுளம்பூ வைப்பார்கள். வீட்டில் அந்த நேர்த்தி வராது. பச்சை ஃபெல்ட் துணியில் கிளி வடிவம் இரண்டு வெட்டித் தைத்து உள்ளே பஞ்சு அடைத்து, மூக்குக்குச் சிவப்புத் துணி வைத்தால் போதும். அடியில் எலாஸ்டிக் வளையம் ஒன்று தைத்து விரலில் மாட்டிவிடுங்கள். கொண்டைக்குப் பழைய கறுப்பு சாக்ஸில் பஞ்சு அடைத்துச் சுருட்டி, சுற்றிலும் பூச்சரம்.

முகத்துக்கு நீலம் பூச போஸ்டர் கலர் போடலாமா?

கூடாது. தோலுக்கென்று விற்கிற முகச்சாயம் மட்டும், அதையும் முதல் நாளே கையில் தடவிப் பார்த்துவிட்டு. கிருஷ்ணருக்கு நீலமே பூசாமல் கிரீடம், குழல், மஞ்சள் பட்டு போதும் என்பது என் கட்சி, புழுக்கத்தில் வியர்த்து வழிந்து குழந்தை அழுவதைப் பார்க்க முடியாது.

நாளைக் காலையில் போட்டி, இன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

காய வேண்டிய எதையும் தொடாதீர்கள். ஃபெவிகால், பெயிண்ட், காகிதக்கூழ் மூன்றும் இன்று வேண்டாம். தைப்பது, கட்டுவது, ஸ்டேப்ளர், இரட்டைப் பக்க டேப், குளூ கன், இவ்வளவுதான். முண்டாசும் கண்மை மீசையும் ஒரு மணி நேர வேலை, பாரதி தயார். காந்தி இன்னும் சுலபம், கட்டுக்கம்பியை ஒரு டம்ளரில் சுற்றி இரண்டு வட்டம், நடுவில் மூக்குக்கு வளைவு, காதுக்குப் போகும் முனைகளை நன்றாக மடித்து மேலே டேப் சுற்றிவிடுங்கள். ஆசிரியர் கட்டபொம்மன் என்று எழுதிக் கொடுத்திருந்தால் வாளுக்கு ஒரே அட்டையும் அலுமினியத் தாளும் போதும், மீசையைப் பெரிதாக வரையுங்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும், எங்கே வாங்குவது?

அட்டை வீட்டில் இருப்பதுதான். லேஸ், ஜிகினாத்தாள், ஃபோம் ஷீட், ஃபெவிகால் எல்லாம் சேர்த்து இருநூறு முந்நூறு ரூபாய்க்குள் முடிக்கலாம், மிச்சம் அடுத்த வேடத்துக்கும் வரும். குளூ கன் அதில் சேராது. சென்னையில் பாரிமுனைத் தெருக்கள், மதுரையில் விளக்குத்தூண் பக்கம், கோவையில் டவுன்ஹால், இங்கெல்லாம் லேஸும் கல்லும் மணியும் மொத்த விலைக்குக் கிடைக்கும். சின்ன ஊர் என்றால் தையல் சாமான் கடையில் மீந்த லேஸ் துண்டுகளைக் கேளுங்கள், கிரீடத்துக்கு ஒரு மீட்டர்கூடத் தேவைப்படாது.

குழந்தையையும் சேர்த்துக்கொள்ளலாமா?

கட்டாயம். கட்டரும் குளூ கன்னும் உங்கள் கையில், மற்றதெல்லாம் அவர்கள் கையில். நூல் ஒட்டுவது, கல்லுக்கு நிறம் கொடுப்பது, டிஷ்யூ ஒற்றுவது எல்லாம் ஐந்து வயதிலேயே செய்வார்கள். கோணலாகத்தான் வரும், சரிசெய்யாதீர்கள். தான் செய்த கிரீடத்தைப் பிள்ளை பிய்த்துப் போடாது, யாராவது தொட வந்தாலும் விடாது.

அடுத்த வருடத்துக்கு எப்படி எடுத்து வைப்பது?

முதலில் ஒரு நாள் காற்றாட வையுங்கள், வியர்வை ஈரத்தோடு மூடினால் பூஞ்சை வரும். கிரீடத்துக்குள் நியூஸ்பேப்பரைக் கசக்கி அடைத்து, பழைய பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில், மேலே எதுவும் வைக்காமல். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் மழைக்காலத்தில் உள்ளேயே ஈரம் நின்றுவிடும். வாளைப் படுக்கவைத்து வையுங்கள், சாய்த்து நிறுத்தினால் வளையும். மீசை, தாடியைக் கழுவி வைக்க முடியாது, அவற்றை மட்டும் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். பெட்டியின் மேல் தலை அளவை எழுதி ஒட்டிவிட்டால் அடுத்த முறை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டு வரும்போது திறந்து பார்க்காமலே சொல்லிவிடலாம். பின்பக்க எலாஸ்டிக்கை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றுங்கள்.